ஊதா மூடியும் பதினெட்டும்

அந்த ஆய்வகத்தில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்ற எல்லார் வாயிலும் அவர் ஊதா மூடி. "ஊதா மூடி இருக்காரா?" என்று கேட்டால் வாசல் காவலாளி விரலைக் கீழே காட்டுவார். உண்மைப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கவில்லையே என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்த அவர் மனைவியையே அப்படி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அந்த அம்மாளும் "நான் ஊதா மூடியோட வீட்டுக்காரி" என்று சொல்லியே உள்ளே போகப் பழகிக்கொண்டாள்.

கீழே என்றால் உண்மையிலேயே கீழே. பெரிய மருத்துவமனையின் நிலவறை. இடப்பக்கம் சலவை அறை, வலப்பக்கம் கொதிகலன், நடுவில் ரத்தம் சோதிக்கும் ஆய்வகம். வெளிச்சத்துக்கென்று சுவரின் உச்சியில் நீளமாக ஒரு சன்னல் உண்டு. அது வெளியே நடைபாதையின் மட்டத்துக்கு இருந்ததால் அதன் வழியே தெருவின் கணுக்கால்கள் மட்டும்தான் தெரியும். முப்பது வருஷம் அதன் கீழே உட்கார்ந்தவருக்கு ஊரில் முகங்களைவிடக் கால்கள்தான் அதிகம் பழக்கம். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முதலில் குனிந்து செருப்பைப் பார்ப்பார், பிறகுதான் பதில் வணக்கம் சொல்வார்.

தினமும் காலை பதினொரு மணிக்கு ஒரு ஜோடி கறுப்பு ஷூ அங்கே வந்து நிற்கும். வலது ஷூவின் நுனி கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டும். உடனே இவர் ஸ்டூலில் ஏறி, பேனாவின் பின்பக்கத்தால் உள்ளேயிருந்து இரண்டு தட்டுத் தட்டுவார். அவள் அவருடைய ஒரே தங்கை. தபால்காரி. மருத்துவமனைத் தெரு அவளுடைய சுற்றில் இருந்தது. இருபத்தைந்து வருஷம் அந்தத் தெருக்களை நடந்து நடந்து அவள் தேய்த்த ஷூக்களை அடுக்கினால் தபால் நிலையத்தைவிட உயரம் வரும் என்று அவளே சொல்லிக்கொள்வாள். அளந்து பார்த்தவர் இல்லை, மறுத்தவரும் இல்லை.

இது அந்தக் கால்களைப் பற்றிய கதை. ஒரு நாள் அவை சன்னலுக்கு வராமல் நின்றுபோயின. அதில் தன் கையும் இருந்தது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் ஊதா மூடியேதான். அதைத் தங்கையிடம் வாய் திறந்து சொல்ல அவருக்குப் பதினோரு நாள் பிடித்தது.

பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வினையே அந்தப் பெயரில்தான் இருந்தது. ரத்தம் எடுக்கும் சின்னக் கண்ணாடிக் குழாய்களுக்கு ஒவ்வொரு வேலைக்கு ஒவ்வொரு நிறத்தில் மூடி. ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொட்டாசியம் உப்பு தடவியிருக்கும். அந்த உப்பு ரத்தத்திலுள்ள கால்சியத்தை அப்படியே அள்ளி மடியில் கட்டிக்கொள்ளும். ரத்த அணுக்களை எண்ண அது நல்லது. கால்சியத்தை அளக்க அது நாசம். அதற்குச் சிவப்பு மூடி வேண்டும். வார்டில் அவசரத்தில் என்ன நடக்கும்? சிவப்பில் ரத்தம் போதாது, ஊதாவில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். யார் பார்க்கப்போகிறார்கள் என்று இதிலிருந்து அதில் ஊற்றிவிடுவார்கள். பார்ப்பதற்குத்தான் கீழே ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, ஆறாம் வார்டா? பதினேழாம் கட்டில்காரர் எப்படி இருக்கார்?"

"ரெண்டாவது காபி தரலேன்னு சண்டை போட்டுட்டு இருக்கார் சார்."

"பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. பொட்டாசியம் பதினாலு, கால்சியம் ரெண்டு. என் காகிதப்படி அவர் போய்ச் சேர்ந்து மூணு நாளாச்சு. ஊதாவுலேருந்து ஊத்தினீங்களா?"

அந்தப் பக்கம் அடக்கிய சிரிப்பு. "கொஞ்சமாத்தான் சார் ஊத்தினேன்."

இப்படி நூறு பிடித்தார், இருநூறு பிடித்தார். ஆளைப் பார்க்காமலே, குழாயைத் தொடாமலே, மின்தூக்கி கீழே இறங்கும்போதே மூக்கை உறிஞ்சி "ஊதா வருது" என்பார் என்று கதை கட்டினார்கள். சமையலறையிலும் டப்பாவுக்கு டப்பா மூடி மாறியிருக்கிறதா என்று பார்ப்பாராம். அவர் எதையும் மறுக்கவில்லை. புகழ் என்பது யாருக்குக் கசக்கும்?

அந்த உப்பு களவாடும் இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்ல எலும்புக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

எலும்பு ஏதோ கல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஓயாத கட்டுமான வேலை நடக்கும் இடம். நார் நாராகச் சாரம் கட்டி, அதன் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பை மணி மணியாகப் படிய வைக்கிறது உடம்பு. முதல் மணி பிறப்பது, எலும்பு கட்டும் செல் உதிர்க்கும் ஒரு குமிழிக்குள். ஒரு தலைமயிரின் குறுக்கே அப்படிப்பட்ட குமிழிகள் சில நூறை வரிசையாக உட்கார வைக்கலாம். இந்த உப்புக்கான சரக்கு ரத்தத்தில் எப்போதும் தளும்பத் தளும்ப ஓடுகிறது. அப்படியானால் நாம் ஏன் உச்சி முதல் பாதம் வரை சிலையாய்ச் சமைந்து போகவில்லை? காவல்காரன் ஒருவன் இருக்கிறான். பைரோபாஸ்பேட் என்று பெயர். இரண்டு பாஸ்பேட்கள் கைகோத்து நிற்கும் சின்ன உருவம். உப்பு மணி எங்கே முளைத்தாலும் அதன் தலையில் ஏறி உட்கார்ந்து வளரவிடாமல் அமுக்குவதே அவனுக்குப் பிழைப்பு. அவன் இல்லாவிட்டால் ரத்தக் குழாயெல்லாம் சுண்ணாம்பு பூத்துவிடும்.

ஆனால் எலும்பும் பல்லும் கட்ட வேண்டிய இடத்தில் அவன் நின்றால் எப்படிக் கட்டுவது? அங்கே மட்டும் அவனை அப்புறப்படுத்த உடம்பு ஒரு வேலையாளை வைத்திருக்கிறது. நொதி என்பார்களே, அந்த இனம். ஆல்கலைன் பாஸ்படேஸ் என்பது முழுப் பெயர், ஏஎல்பி என்பது ஆய்வகத்தின் செல்லப் பெயர். அது ஒரு கத்தரி. கோத்த கையைக் கத்தரித்துவிடும். காவல்காரன் ஒழிந்தான், கத்தரித்த பாஸ்பேட்டும் கட்டடத்துக்கே சரக்காயிற்று. இந்தக் கத்தரி வெட்டுவதற்குத் துத்தநாகமும் மெக்னீசியமும் வேண்டும், திருகாணி மாதிரி. ஊதா மூடிக்குள் இருக்கும் உப்பு கால்சியத்தோடு நிற்காமல் அந்தத் திருகாணிகளையும் கழற்றிக்கொண்டு போய்விடும். கத்தரி வெட்டாது. இயந்திரம் "ஏஎல்பி குறைவு" என்று காட்டும்.

ஆகவே ஏஎல்பி குறைந்தால் ஊதா என்பது அந்த நிலவறையில் எழுதாத சட்டமாயிற்று. கூடினால்தானே வியாதி? ஈரல் கெட்டால் கூடும், எலும்பு கெட்டால் கூடும். குறைந்தால் யாருக்கு என்ன வந்தது? பெரியவர்களுக்கு நாற்பதுக்குக் கீழே போனால் இயந்திரம் ஒரு சிவப்பு நட்சத்திரம் போட்டு 'பிங்' என்று கத்தும். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பிங். அவருக்கு எரிச்சலாக வந்தது. தலைமை டாக்டரம்மாவிடம் போனார்.

"அம்மா, அந்தக் கீழ்ப்பக்கத்து நட்சத்திரத்தை எடுத்துடலாம். எல்லாம் மூடித் தப்பு. அதை எனக்கு மிஷின் சொல்லித் தரணுமா?"

"நீங்க இருக்கறப்போ மிஷின் எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டார்.

நட்சத்திரம் அணைந்தது. அறை அமைதியானது. அந்த அமைதியை அவர் பல வருஷம் ரசித்தார்.

இப்போது தங்கையின் பல். அப்போது அவருக்கு ஆறு வயது, அவளுக்கு மூன்று. அப்பா பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். வீட்டில் பேச்சைவிட மர ஸ்கேல் அதிகம் பேசும். ஒரு சாயங்காலம் சமையலறைப் படியில் ரொட்டித் துண்டுக்காக இரண்டுக்கும் இழுபறி. இவன் அவள் தோளில் கை வைத்தான். அவள் ரொட்டியைக் கடித்தாள். முன்பல் ஒன்று ரொட்டியிலேயே நின்றுவிட்டது. அழக்கூட இல்லை, ஆச்சரியத்தில் வாயைத் திறந்தபடி நின்றாள். அழுதது இவன்தான், ஸ்கேல் வந்த வேகத்தில்.

"தள்ளினியா?"

"தொட்டேன். தள்ளலை."

"தொட்டதுக்கா வேரோட வரும்?"

வேரோடுதான் வந்திருந்தது. பால் பல் விழுந்தால் வேர் கரைந்து மொட்டையாக விழும். இது முழு வேரோடு கிராம்பு மாதிரி நீளமாக இருந்தது. அந்த வருஷத்துக்குள் இன்னும் மூன்று பல் அப்படியே விழுந்தன. அவை விழுந்தபோது இவன் பக்கத்திலேயே இல்லை. ஆனாலும் பழக்க தோஷத்தில் ஸ்கேல் அவனைத் தேடித்தான் வந்தது. அம்மா நாலு பல்லையும் ஒரு காலி வலிநிவாரணி டப்பாவில் போட்டு வைத்தாள். தங்கைக்குப் பொக்கை என்று பெயர் விழுந்தது. பிறகு நல்ல பல் முளைத்தும் பெயர் உதிரவில்லை.

ஐம்பது வருஷம் அவள் அதை விடவில்லை. தன் சுற்றில் எந்த வீட்டில் தண்ணீர் குடித்தாலும், நாற்பது தாண்டியதும் விழுந்த இரண்டு பல்லின் இடைவெளியைக் காட்டி, "பூர்வாங்க வேலை என் அண்ணன் கைங்கரியம்" என்பாள். அவரும் ஐம்பது வருஷமும் ஒரே பதில்தான் சொன்னார். "நான் தள்ளலை."

நாற்பத்தொன்பது வயதில் அவளுக்குப் பாதம் வலித்தது. புது ஷூ என்றாள். ஷூவை மாற்றினாள். பையின் கனம் என்றாள். பையைத் தோள் மாற்றினாள். சன்னலில் பதினொரு மணிக்கு இடது கால் தயங்கித் தயங்கி வந்ததை முதலில் கண்டவர் அண்ணன்தான். எலும்பு டாக்டரிடம் தானே இழுத்துப் போனார். பாதத்தின் நீள எலும்பு ஒன்றில் மயிரிழை விரிசல். அடர்த்தி பார்த்தார்கள், எலும்பு மெலிந்திருந்தது. ரத்தம் எடுக்கச் சொன்னார் டாக்டர்.

எடுத்தது எலும்பு வார்டின் கண்ணாடி நர்ஸ். தடித்த கண்ணாடி, அதைவிடத் தடித்த பிடிவாதம். குழாய் கீழே வந்தது. இயந்திரம் சுற்றியது. ஏஎல்பி பதினெட்டு. நட்சத்திரம் இல்லை, பிங் இல்லை. ஆனாலும் தங்கையின் காகிதம் என்பதால் ஒவ்வொரு வரியாகப் படித்தவர் கண்ணில் பட்டுவிட்டது. சிரித்தபடி தொலைபேசியை எடுத்தார்.

"என் தங்கச்சிக்கே ஊதாவா?"

"சார், நான் ஊதாவே எடுக்கலை. அணு எண்ணச் சொல்லி டாக்டர் எழுதவே இல்லை. ஒரே ஒரு சிவப்புக் குழாய். அதுல என்னத்தை ஊத்த?"

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க. பரவாயில்லை, மன்னிச்சுட்டேன்."

"நான் பண்ணாததை நீங்க என்னத்தை மன்னிக்கறது?" என்று அவள் போனை வைத்துவிட்டாள். அந்தக் குரல் ஸ்கேலின் முன் நின்ற தன் பழைய குரல் மாதிரி இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஏஎல்பி வரிக்கு எதிரே "மாதிரி தகுதியற்றது" என்று எழுதினார். அதற்கு இரண்டு வரி மேலே, அதே குழாயில், அதே ரத்தத்தில், கால்சியம் ஒன்பது புள்ளி ஆறு என்று இருந்தது. பொட்டாசியம் நாலு. இரண்டும் அச்சுப் பிசகாமல் சரி. அந்த இரண்டையும் நல்லது என்று ஒப்பிக் கையெழுத்தும் போட்டார். பதினேழாம் கட்டில்காரரைக் காகிதத்திலேயே சாகடித்துப் பிழைக்க வைத்தவர், நூறு பேருக்குக் கால்சியத்தைப் பார்த்து ஊதாவைப் பிடித்தவர், அன்று கால்சியத்தைப் பார்க்கவில்லை. ஊதாவாக இருந்தால் கால்சியம் செத்துக் கிடந்திருக்கும். அது குத்துக்கல் மாதிரி நின்று, இது ஊதா இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. தெரியாதவர் செய்கிற தப்பில்லை இது. நன்றாகத் தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடியது.

ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்தார்கள். பதினேழு. "இந்த வார்டு திருந்தாது" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி அதையே எழுதினார். எலும்பு டாக்டருக்கு வேண்டியது கால்சியமும் வைட்டமின் டியும். இரண்டும் இருந்தன. ஏஎல்பி என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவும் இல்லை. மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு எலும்பு கரைவது சகஜம் என்று வாரத்துக்கு ஒன்றாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பல லட்சம் பேருக்கு நல்லது செய்த மாத்திரைதான் அது. என்ன மாத்திரை என்றால், அந்தக் காவல்காரனுடைய ஒன்றுவிட்ட சகோதரன். அவனைப் போலவே உப்பு மணியின் மேல் ஏறி உட்காரும். எலும்பை அரித்துத் தின்னும் செல்களின் வாயைக் கட்டும். அதனால் மற்றவர்களுக்கு எலும்பு மிஞ்சும். ஆனால் தங்கையின் எலும்பில் ஏற்கெனவே காவல்காரர்கள் தோளோடு தோள் இடித்து நின்றார்கள், கத்தரி பிறவியிலேயே மொண்ணை என்பதால். அந்தக் கூட்டத்துக்குள் வாரம் ஒருத்தனாக, எந்தக் கத்தரிக்கும் மசியாத சொந்தக்காரனை அனுப்பினால்?

அந்த மாத்திரைக்கு ஆசாரம் அதிகம். வெறும் வயிற்றில், பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது. தங்கை மறதிக்காரி, ஊரார் விலாசமெல்லாம் நினைவிருக்கும், தன் கண்ணாடியை வைத்த இடம் தெரியாது. அதனால் ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு அண்ணன் போன் செய்வார்.

"விழுங்கினியா?"

"விழுங்கியாச்சு. காவல் காக்கற மாதிரி நின்னுட்டும் இருக்கேன்."

நாலு வருஷம். ஒரு ஞாயிறு தவறவில்லை.

நாலாம் வருஷக் கடைசியில் அவளுக்குத் தொடை வலித்தது. மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு முற்பகல், லிஃப்ட் இல்லாத வீட்டின் மூன்றாம் மாடியில் பதிவுத் தபால் ஒன்றுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினாள். விழவில்லை, வழுக்கவில்லை, இடிக்கவில்லை. ஒரு படி இறங்கினாள், வலது தொடை எலும்பு சுண்ணக்கட்டி மாதிரி இரண்டாயிற்று. அங்கேயே உட்கார்ந்து, மிச்சத் தபாலை விலாச வரிசைப்படி அடுக்கி, மேல் வீட்டம்மாவிடம் கொடுத்து, "பதினாலாம் நம்பர்ல நாய் இருக்கு, வாசல்லயே போட்டுடுங்க" என்று சொன்ன பிறகுதான் மயங்கினாள்.

தொடைக்குள் கம்பி வைத்தார்கள். ஒரு வருஷம் ஆயிற்று. எலும்பு கூடவில்லை. மாத்திரையை நிறுத்தவும் இல்லை, இப்போதுதான் கட்டாயம் வேண்டும் என்றார் டாக்டர். ஞாயிறு போனும் நிற்கவில்லை. அவளுடைய சுற்றை ஒரு தற்காலிக ஆளுக்குக் கொடுத்தார்கள். அவன் மாற்றிப் போட்ட கடிதங்களை எடுத்துக்கொண்டு தெருக்காரர்கள் அவள் வீட்டுக்கே வந்து, இது யாருடையது என்று கேட்டார்கள். அவள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி, உறையின் கையெழுத்தைப் பார்த்தே சொல்வாள். எல்லாரும் போன பிறகு, எதிரே நிற்கும் நடைச் சட்டத்தைக் காலால் லேசாக உதைப்பாள். பதினொரு மணிக்கு நிலவறைச் சன்னலில் வேறு கால்கள் போயின, வந்தன. எதுவும் தட்டவில்லை.

பிறகுதான் ஒரு நாள் பல் டாக்டரம்மா படியிறங்கி வந்தாள். குழந்தைகளின் பல் பார்ப்பவள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான், அதனால் அந்த நிலவறையின் எழுதாத சட்டம் அவளுக்குத் தெரியாது.

"சார், ஒரு மூணு வயசுக் குழந்தை. ஏஎல்பி குறைஞ்சிருக்கான்னு பார்க்கணும்."

"கூடியிருக்கான்னா?"

"இல்லை, குறைஞ்சிருக்கான்னு."

"குறைஞ்சதை யாரும்மா தேடுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே குழாயைப் போட்டார். நாற்பத்தொன்று வந்தது. அந்த வயதுக்கு நூற்றைம்பதுக்கு மேல் இருக்க வேண்டும். வாய் தானாகத் திறந்தது. "ஊதாவுலேருந்து…"

"கால்சியம் பாருங்க சார்."

பார்த்தார். பழுதில்லை. பல் டாக்டரம்மா ஒரு சின்ன டப்பாவைத் திறந்து நீட்டினாள். பஞ்சின் மேல் ஒரு பால் பல், முழு வேரோடு, கிராம்பு மாதிரி.

"வலியே இல்லாம விழுந்துதாம். பல்லை எலும்போட ஒட்ட வைக்கற பூச்சுக்கும் இந்த நொதிதான் வேணும். அது குறைஞ்சா வேர் கரையாமலே பல் கழண்டுடும். அதோட அண்ணன்தான் தள்ளிட்டான்னு அவனை அடிச்சிருக்காங்க சார், பாவம். அவன் தொடவே இல்லைங்கறான்."

ஊதா மூடி ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். அவள் பேசிக்கொண்டே போனாள். சில குடும்பங்களில் பிறவியிலேயே வரும், பெரியவர்களுக்குப் பாதத்தில் விரிசல் வரும், எலும்புத் தேய்மானம் என்று நினைத்து அந்த வார மாத்திரையைக் கொடுத்தால் தொடையே போய்விடும் என்றாள். அவர் தலையாட்டினார். அவள் போன பிறகு கதவைத் தாழிட்டார். பழைய காகிதங்களை எடுத்தார். பதினெட்டு. பதினேழு. இரண்டிலும் மேலே ஒன்பது புள்ளி ஆறு. இரண்டிலும் கீழே தன் கையெழுத்து, வாலைச் சுழித்து, அழகாக.

அன்று சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போய்த் தன் கையாலேயே ரத்தம் எடுத்தார்.

"எதுக்குண்ணா?"

"சும்மாத்தான்."

"சும்மான்னா வெத்தலை பாக்கு வாங்கிட்டுப் போவாங்க, ரத்தத்தைப் போயா?"

ஒரே குழாய், சிவப்பு மூடி. மருத்துவமனைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அது ஊதாவாக மாறிவிடாதா என்று ஏங்கினார். பதினேழு. வெளியூருக்கு அனுப்பிய மற்றொரு சோதனையில், இந்தக் கத்தரி வெட்ட வேண்டிய வைட்டமின் பி6 வெட்டுப்படாமல் ரத்தத்தில் மலையாய்க் குவிந்திருந்தது பிறகு தெரிந்தது. அதற்குக் காத்திருக்காமல் அன்றிரவே எலும்பு டாக்டரின் வீட்டுக் கதவைத் தட்டி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். டாக்டர் காகிதத்தை வாங்கிப் படித்தார். "நானும் கேட்டிருக்கணும்" என்றார். மாத்திரை மறுநாளே நின்றது. எலும்புக்குள் ஏற்கெனவே போய் உட்கார்ந்தது வருஷக்கணக்கில் எழுந்திருக்காது, கம்பி வைத்த இடம் மெல்ல ஒட்டினாலும் ஒட்டலாம், படியேறிச் சுற்று வரும் வேலையை மட்டும் மறந்துவிடச் சொல்லுங்கள் என்றார். அந்த நொதியையே செய்து ஊசியாகப் போடும் மருந்து ஒன்று இருக்கிறது, கிடைக்குமா என்று எழுதிக் கேட்கிறேன் என்றும் சொன்னார்.

மாத்திரை நின்றதைத் தங்கையிடம் சொன்னார். ஏன் நின்றது என்பதைச் சொல்லவில்லை. பதினோரு நாள் தினமும் போனார். போய், வானிலை பேசினார். அவளுடைய நடைச் சட்டத்தின் திருகுகளை முடுக்கினார். முதல் ஞாயிறு ஏழு மணிக்குப் பழக்கத்தில் போனை எடுத்து எண்ணை ஒற்றிவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார்.

இடையில் ஒரு நாள் எலும்பு வார்டுக்கு மாடியேறிப் போனார். முப்பது வருஷத்தில் அவர் மேலே வந்தது அபூர்வம் என்பதால் எல்லாரும் பார்த்தார்கள்.

"அஞ்சு வருஷம் முன்னாடி என் தங்கச்சிக்கு நீங்க ரத்தம் எடுத்தீங்க," என்றார் கண்ணாடி நர்ஸிடம். "நீங்க ஊதா எடுக்கலை."

"அதை அன்னிக்கே சொன்னேனே சார்."

"சொன்னீங்க."

"இப்ப யார் யாரை மன்னிக்கணும்?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "தங்கச்சி எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

பதினோராம் நாள் தங்கை வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். யாருடையதோ நான்கு கடிதங்களை மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து அம்மாவின் வலிநிவாரணி டப்பாவை எடுத்து அந்தக் கடிதங்களின் மேல் வைத்தார். திறந்தாள். நாலு கிராம்பு.

"அட, இன்னும் இருக்கா? பார்த்துக்கோ, நீ தட்டினது."

"நான் தட்டலை."

"ஆரம்பிச்சுட்டான்."

"நிஜமாவே நான் தட்டலை. இப்ப எனக்குக் காரணம் தெரியும்." கத்தரியைச் சொன்னார், காவல்காரனைச் சொன்னார், மொண்ணையாகப் பிறந்ததைச் சொன்னார், டாக்டர் எழுதிக் கேட்ட ஊசியையும் சொன்னார். அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள், மூன்று வயதில் ரொட்டியைப் பார்த்த அதே ஆச்சரியத்தோடு. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அப்ப ஐம்பது வருஷமா உன்னைச் சும்மாவா திட்டிட்டிருந்தேன்? ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேனே. இனிமே வீடு வீடாப் போய் மாத்திச் சொல்லணும்." சொல்லி முடித்ததும் காலைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"இன்னும் இருக்கு," என்றார் அவர். இரண்டு காகிதங்களையும் எடுத்துக் கொடுத்தார். விலாசம் படித்தே பழகிய கண், நேராகக் கீழே கையெழுத்துக்குப் போயிற்று. பதினெட்டைச் சொன்னார். கால்சியத்தைச் சொன்னார். நட்சத்திரத்தை அணைக்கச் சொன்னதைச் சொன்னார். "மாத்திரை உனக்கு ஆகாது. அது எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கணும். நான்தான் வாராவாரம் போன் பண்ணி விழுங்க வச்சேன்."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"எனக்குச் சுற்று திரும்பக் கிடைக்காதாண்ணா?"

"கிடைக்காது."

"அந்த ஊசி?"

"எழுதியிருக்காங்க. பதில் தபால்ல வரணும்."

"அந்தத் தற்காலிகப் பையன் கையிலயா?" என்றாள். அவரால் சிரிக்க முடியவில்லை. அவளும் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்தாள், மறுபடி மடித்தாள், இன்னும் மடிக்க முடியாமல் போகும்வரை மடித்தாள்.

"பண்ணாததுக்கு அன்னிக்கு அப்பாகிட்ட அப்படி அடி வாங்கின," என்றாள் கடைசியில். "இன்னிக்குப் பண்ணினதுக்கு அடிக்க அப்பாவும் இல்லை. எனக்கு எழுந்து வரவும் முடியலை."

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் போட்டு உட்கார்ந்தார். அவள் அடிக்கவில்லை. தொடவும் இல்லை. "இன்னிக்குப் போயிடுண்ணா" என்றாள்.

மறுநாள் தலைமை டாக்டரம்மாவிடம் போய்ச் சிவப்பு நட்சத்திரத்தைத் திரும்பப் போட வைத்தார். இப்போது ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பிங். பெரும்பாலும் மூடித் தப்புதான். ஒவ்வொரு பிங்குக்கும் அவர் கால்சியத்தைப் பார்க்கிறார், தொலைபேசி எடுக்கிறார், நர்ஸ் சொல்வதை முழுக்கக் கேட்கிறார். இரண்டு வருஷத்தில் உண்மையான குறைவு ஒன்று அகப்பட்டது, ஒரு தையற்காரருக்கு. அவர் கால் நன்றாகத்தான் இருக்கிறது. பெயர் என்னவோ மாறவில்லை, ஊதா மூடி ஊதா மூடிதான். முன்பு அந்தப் பெயரைக் கேட்டால் நிமிர்வார்.

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்ன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் போனின் எதிரே உட்கார்ந்திருந்தார். எடுக்கவில்லை. ஏழு ஐந்துக்கு அதுவாக மணி அடித்தது, எழுந்து நின்று எடுத்தார்.

"என்ன, இன்னிக்கும் போன் வரலை?" என்றது தங்கையின் குரல்.

"இனிமே எதுக்கும்மா?"

"அஞ்சு வருஷம் ஏழு மணிக்கு எழுப்பி எழுப்பிக் கெடுத்து வச்சிருக்கே. முழிப்பு வந்துடுது. முழிச்சுட்டு என்ன பண்றது, எங்கே போறது?"

இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடி, மாத்திரைக்காக நிற்கும் அந்த அரை மணி நேரமும் இருந்தார்கள். அவள் உட்கார்ந்துகொண்டு. அவர் நின்றுகொண்டு.